ஒரு வகுப்பு ஒருவனைக் குறிவைப்பது எப்படி, விடுவது எப்படி?

பள்ளியில் ஒரு பிள்ளையைச் சக மாணவர்கள் பாடாய்ப் படுத்துகிறார்கள் என்று தெரிய வந்தால், பெரியவர்களிடமிருந்து பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. "எங்க காலத்துல நடக்காததா? பசங்கன்னா அப்படித்தான், தானா சரியாயிடும்" என்பது ஒன்று. "அந்தப் பையனுக்கு முதல்ல டிசி கொடுத்து அனுப்புங்க" என்பது இன்னொன்று. முதல் பதிலின்படி அடிபடுகிறவன் தாங்கப் பழகிக்கொள்ள வேண்டும். இரண்டாவதின்படி அடிக்கிறவன் பிறவியிலேயே கெட்டவன். இரண்டும் ஒன்றிரண்டு பிள்ளைகளை மட்டுமே பார்க்கின்றன. அதே அறையில் மீதி முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். புல்லியிங் என்று சொல்லப்படும் இதைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த நாற்பது பேரைப் பற்றிய பகுதிதான். இது தொடங்குவதும் வளர்வதும் ஓய்வதும் பெருமளவு அவர்கள் கையில் இருக்கிறது. அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

எது கேலி, எது புல்லியிங்?

நண்பர்கள் ஒருவரையொருவர் ஓட்டாத வகுப்பு எங்கும் இல்லை. ஒருவன் "டேய் ஒல்லிக்குச்சி" என்பான், இவன் "போடா தொப்பை" என்பான், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே கேன்டீனுக்குப் போவார்கள். இதையும் புல்லியிங் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

ஸ்வீடனில் பிறந்து நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வேயுஸ், 1970களில் இதை முறையாக ஆராயத் தொடங்கினார். அவர் சொன்ன மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே நோகடிக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். நோகிறவரால் சரிசமமாகத் திருப்பிக் கொடுக்க முடியாத நிலை இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அது புல்லியிங்.

மூன்றாவது அடையாளத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். "அவனும் இவனும் ஒரே உயரம்தானே, திருப்பி அடிக்க வேண்டியதுதானே" என்பார்கள். பள்ளியில் பலம் என்பது உடம்போடு முடிவதில்லை. பின்னால் நின்று சிரிக்க நாலு பேர் இருப்பது பலம். ஆங்கிலம் சரளமாக வருவது, நல்ல மார்க், வெள்ளைத் தோல், அப்பாவின் கார், ஊரில் குடும்பத்துக்கு இருக்கும் செல்வாக்கு எல்லாமே வகுப்பறைக்குள் பலமாக மாறும். பெண் பிள்ளைகளிடையே கை படாமலேயே நடப்பது அதிகம். "நாளையிலேர்ந்து அவளோட யாரும் பேசாதீங்க" என்று ஒருத்தி சொல்வாள். மறுநாள் இண்டர்வெல்லில் அந்தப் பிள்ளை போய் நிற்கும் இடமெல்லாம் காலியாகும். ஆசிரியர் கண்ணுக்கு அங்கே எதுவுமே நடந்திருக்காது.

செல்போன் வந்த பிறகு 'திரும்பத் திரும்ப' என்பதும் கொஞ்சம் மாறிவிட்டது. தும்மும் நேரத்தில் எடுத்த போட்டோவை ஒருவன் வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி ஒரே ஒரு முறை குரூப்பில் போடுகிறான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு முறை. அதை எடுத்து இரவு பதினொரு மணி வரை மற்றவர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அது நாற்பது முறை.

டவுன் பஸ்ஸில் ஒரு செல்போன்

காலை நேர டவுன் பஸ். ஒருவர் ஹெட்செட் இல்லாமல் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டு வருகிறார். ஏறத்தாழ எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் ஒவ்வொருவரும் சுற்றிப் பார்க்கும்போது மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பதுதான் தெரிகிறது. "சரி, மத்தவங்களுக்குத் தொந்தரவா இல்லபோல, நாம எதுக்கு" என்று அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். செல்போன்காரரும் அதே அமைதியைத்தான் பார்க்கிறார். அவருக்கு அது அனுமதி. அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவர் இந்த பஸ்ஸில் இது வழக்கம்போல என்று தன் போனையும் எடுக்கிறார்.

பிறகு ஒரு அம்மா, "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கொறைப்பா" என்கிறார். உடனே பின் சீட்டிலிருந்து "ஆமாப்பா, ஹெட்செட் போட்டுக்கோ" என்று ஒரு குரல், கம்பியைப் பிடித்து நிற்கிறவரிடமிருந்து இன்னொன்று. அந்த நொடியில் இவர்கள் மனம் மாறிவிடவில்லை. முதலிலிருந்தே அப்படித்தான் நினைத்தார்கள். மற்றவர்களும் அப்படியே நினைக்கிறார்கள் என்பதுதான் இப்போது புதிதாகத் தெரிந்தது.

பலர் தனித்தனியே ஒன்றை வெறுத்துக்கொண்டு, மற்ற எல்லோரும் அதை ஏற்கிறார்கள் என்று தவறாக நம்பி, அந்த நம்பிக்கையின்படியே நடப்பதற்குக் கூட்டு அறியாமை என்று பெயர். சமூக உளவியல் இதை ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அறிந்திருக்கிறது. வகுப்பறையில் புல்லியிங் நீடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தனியாக உட்கார வைத்துக் கேட்டால், ஒரு பிள்ளையை எல்லோரும் சேர்ந்து சீண்டுவது தனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். வகுப்பாக உட்கார்ந்திருக்கும்போது அதே பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பஸ்ஸுக்கும் வகுப்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். வகுப்பில் அதே முகங்களோடு ஒரு வருஷம் முழுக்க இருந்தாக வேண்டும். அங்கே வாய் திறந்தவர் அடுத்த குறியாகலாம். அதனால் அந்த அம்மாவைப் போல ஒருவர் வருவது இங்கே இன்னும் கடினம். "ஏண்டா நீ ஒரு வார்த்தை சொல்லல" என்று பிள்ளைகளைத் திட்டும் முன் நாம் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

முதல் சிரிப்பு

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஜூன் மாதம், ஒன்பதாம் வகுப்பு. செக்‌ஷன் மாற்றியதில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் புதிது. ஆங்கில ஆசிரியர் ஒருவனை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொல்கிறார். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பையன் 'ஐலண்ட்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி 'இஸ்லேண்ட்' என்று வாசித்துவிடுகிறான். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு.

சிரித்தவன் அந்த நேரத்தில் எங்கே பார்க்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். வாசிக்கிறவனைப் பார்ப்பதில்லை. இடது பக்கமும் வலது பக்கமும் பார்க்கிறான். யார் யார் சிரிக்கிறார்கள் என்பதுதான் அவனுக்கு வேண்டும். ஆறு பேர் சிரிக்கிறார்கள். ஆசிரியர் உதட்டோரத்திலும் ஒரு புன்னகை, கெட்ட எண்ணத்தில் இல்லை, சட்டென்று வந்தது. அது போதும்.

மறுநாள் அவன் 'இஸ்லேண்டு' ஆகிறான். அதே வாரத்தில் வேறு இரண்டு பேருக்கும் பெயர் வைத்துப் பார்க்கிறார்கள். ஒருவன் திருப்பிக் கொடுத்துவிட்டான், அந்தப் பெயர் அங்கேயே செத்துப்போனது. இன்னொருவனுக்குப் பழைய செக்‌ஷன் நண்பர்கள் மூன்று பேர் பக்கத்தில் இருந்தார்கள், அதுவும் ஓடவில்லை. இஸ்லேண்டுக்கு யாரும் இல்லை. அவன் முகம் சிவந்தது, கண் கலங்கியது. பார்க்கிறவர்களுக்கு அது காட்சியானது.

குறிவைக்கப்படுகிற பிள்ளையிடம் ஏதோ குறை இருப்பதாக, குண்டு, கருப்பு, திக்குவாய் என்று காரணம் தேடுவது நம் வழக்கம். அதே குறை உள்ள வேறு பிள்ளைகள் அதே வகுப்பில் நிம்மதியாக இருப்பார்கள். காரணமாகச் சொல்லப்படுவது கையில் கிடைத்த சாக்கு. பக்கத்தில் நிற்க ஆள் இருக்கிறதா என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் நடப்பது பல பேரைத் தட்டிப் பார்க்கும் சோதனை. எதிர்ப்பு இல்லாத இடத்தில் அது நின்றுவிடுகிறது.

நின்ற பிறகு இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, அவனோடு பேசுகிறவர்களுக்கும் அந்தக் கறை ஒட்டுகிறது. "நீ இஸ்லேண்டு ஃபிரெண்டாடா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தவன் நாளை வேறு பெஞ்சுக்குப் போவான். தனிமை அவன் மேல் ஏற்றப்படுகிறது. பிறகு அந்தத் தனிமையே அவன் குணமாகப் பேசப்படுகிறது: "அவன் யாரோடவும் சேர மாட்டான் மிஸ்." இரண்டு, செய்கிறவர்கள் மனம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளத் தொடங்குகிறது. "சும்மா ஜாலிக்கு", "அவனே சிரிக்கிறான் பாரு", "அவன் ஓவராப் பண்றான், அதான்." தப்பு என்று தெரிந்ததைச் செய்யும்போது மனசாட்சி உறுத்தாமல் இருக்க நாம் தேடும் இந்த வழிகளை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஒழுக்க விலகல் என்ற பொருளில் விளக்கினார். நல்ல வீட்டுப் பிள்ளைகள், தங்கைக்கு ஒன்று என்றால் துடித்துப்போகிற பிள்ளைகள், இதில் சேர்ந்துகொள்வது இப்படித்தான்.

இதுவரை பார்த்தது: பலர் மேல் சிறு சீண்டல்கள் விழுகின்றன. துணை இல்லாத ஒருவர் மேல் அது நிலைக்கிறது. சுற்றியிருப்பவர்களின் சிரிப்பு அதை வளர்க்கிறது, அமைதி அதை வழக்கமாக்குகிறது, சமாதானங்கள் அதை நியாயமாக்குகின்றன.

சீண்டுகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

சீண்டுகிற பிள்ளை தாழ்வு மனப்பான்மையால்தான் அப்படிச் செய்கிறது, வீட்டில் அடி வாங்குகிறது என்பது பரவலான நம்பிக்கை. சிலர் விஷயத்தில் அது உண்மை. எல்லோருக்கும் அதைப் பொருத்த முடியாது. பேச்சுத் திறமையும் மற்றவர்கள் மனதைப் படிக்கும் சாமர்த்தியமும் உள்ள பிள்ளைகள்தான் பல வகுப்புகளில் இதைத் தொடங்குகிறார்கள். யாரைத் தொட்டால் கேட்க ஆளில்லை என்று தெரிந்துகொள்ளவே ஒரு சாமர்த்தியம் வேண்டுமே.

அவர்களுக்குக் கிடைப்பது அந்தஸ்து. இங்கே ஆய்வாளர்கள் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். வகுப்பில் யார் பெரிய ஆள் என்று கேட்டால் வரும் பெயர்கள் ஒரு வகை. உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் வரும் பெயர்கள் வேறு. சீண்டுகிறவர்கள் முதல் பட்டியலில் மேலே இருப்பார்கள், இரண்டாவதில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அதாவது, எல்லோரும் பயந்து இடம்விடும் ஒருவரை உண்மையில் பலருக்குப் பிடிப்பதில்லை.

அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் பள்ளி மாணவர்களின் நட்பு வலையை ஆராய்ந்த ராபர்ட் ஃபாரிஸும் டயான் ஃபெல்ம்லீயும் 2011இல் ஒன்றைக் காட்டினார்கள். அந்தஸ்தில் ஒரு பிள்ளை மேலே ஏற ஏற, மற்றவர்களைச் சீண்டுவதும் கூடிக்கொண்டே போகிறது. உச்சாணிக் கொம்பில் இருக்கும் மிகச் சிலரிடம் மட்டும் அது குறைந்துவிடுகிறது. அவர்களுக்கு இனி நிரூபிக்க எதுவும் இல்லை. ஏறிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் ஏணி வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இது கூடுவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. வீட்டில் அம்மா அப்பா என்ன நினைப்பார்கள் என்பதைவிட வகுப்பில் என்ன நினைப்பார்கள் என்பது பெரிதாகும் வயது அது. போதாததற்கு அதே வயதில் பள்ளி மாறுகிறது, செக்‌ஷன் மாறுகிறது. நடுநிலைப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் யாருக்கு எந்த இடம் என்று தெரியாமல் முட்டிமோதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆண்டனி பெல்லெக்ரினியும் சக ஆய்வாளரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பள்ளிக்கு மாறியதும் சீண்டல் கூடி, யார் மேலே யார் கீழே என்பது படிந்ததும் தணிந்ததைக் கண்டார்கள். ஆக, ஜூன், ஜூலை மாதங்கள் முக்கியம். அப்போது வகுப்பு ஆசிரியர் காட்டும் கவனம் ஜனவரியில் நடத்தும் விசாரணையைவிடப் பல மடங்கு பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள்

கனடாவின் டொராண்டோவில் டெப்ரா பெப்லரும் வெண்டி கிரெய்கும் தொடக்கப்பள்ளி விளையாட்டு மைதானங்களில் தொலைவில் கேமரா வைத்து, பிள்ளைகளின் சட்டையில் மைக் பொருத்திப் பதிவுசெய்தார்கள். பெரியவர்கள் அருகில் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பது முதன்முதலாக இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. பத்துச் சம்பவங்களில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில் வேறு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் தங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏறத்தாழ கால் பங்கு நேரம்தான் அடிபட்டவர் பக்கம் போனது. அதே குழுவினர் 2001இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வேறொரு பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட சம்பவங்கள் பத்தே நொடிகளுக்குள் நின்றுபோயின. பத்து நொடி!

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லியும் குழுவினரும் 1996இல் இந்தக் கூட்டத்தைப் பிரித்துக் காட்டினார்கள். தொடங்குகிறவர் ஒருவர். அவரோடு சேர்ந்து கை வைக்கும் கூட்டாளிகள் சிலர். நம் உதாரணத்தில் இஸ்லேண்டின் பையை ஒளித்து வைக்கிறவன். சிரித்து, கைதட்டி, வீடியோ எடுத்து ஏற்றிவிடுபவர்கள் அதிகம் பேர். எதிலும் சேராமல் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும் ஒதுங்கி நிற்பவர்களும் அதிகம். அப்புறம் துணை நிற்பவர்கள். அவர்கள் நேரடியாகத் தடுப்பவராகவும் இருக்கலாம், பிறகு போய் ஆறுதல் சொல்பவராகவும் இருக்கலாம். இந்தப் பிரிவுகளுக்குப் பங்கேற்புப் பாத்திரங்கள் என்று பெயர்.

ஏற்றிவிடுபவரும் ஒதுங்கி நிற்பவரும் தங்களைக் குற்றவாளிகளாக நினைப்பதே இல்லை. "நான் ஒண்ணுமே பண்ணல சார்" என்பார்கள், உண்மையாகவே அப்படி நம்புவார்கள். ஆனால் தொடங்குகிறவருக்குக் கூலி கொடுப்பது அவர்கள்தான். ஒரு சிரிப்பு கூலி. ஒரு ஸ்டிக்கருக்கு வரும் பத்து ஹாஹா எமோஜி கூலி. அந்தக் கூலி நின்றால் வேலையும் நிற்கும்.

தானாக ஓய்வதும், ஓய்ந்ததுபோலத் தெரிவதும்

'தானா சரியாயிடும்' என்பது முழுப் பொய்யும் இல்லை. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வரும்போது பல வகுப்புகளில் இது குறைந்துவிடுகிறது. வகுப்புக்குள் வரிசை படிந்துவிடுகிறது. குரூப் பிரிந்து ஆட்கள் மாறுகிறார்கள். பிள்ளைகளுக்கு வகுப்புக்கு வெளியேயும் ஓர் உலகம் கிடைக்கிறது. ஒரு நண்பன் கிடைத்ததாலேயே தப்பித்த பிள்ளைகளும் உண்டு. நெருக்கமான ஒரே ஒரு நட்பு இருந்தாலும் குறிவைக்கப்படும் வாய்ப்பும் குறைகிறது, குறிவைக்கப்பட்டால் படும் காயத்தின் ஆழமும் குறைகிறது.

ஆனால் ஓய்ந்தது என்று ஆசிரியர்கள் நினைக்கும் பல சந்தர்ப்பங்களில் அது வாட்ஸ்அப் குரூப்புக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் இடம் மாறியிருக்கும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை பள்ளியையே மாற்றிக்கொண்டு போயிருக்கும். இன்னொன்று: அந்தப் பிள்ளை எதிர்வினை காட்டுவதையே நிறுத்தியிருக்கும். கை தூக்குவதில்லை, விளையாட்டுப் பீரியடில் வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறது, பள்ளிக் கழிப்பறைக்கே போவதில்லை. சத்தம் இல்லாததால் வகுப்பு அமைதியாகத் தெரியும். இந்த அமைதியை நாம் நிம்மதி என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிலைமை சரியாகிவிட்ட வகுப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. புல்லியிங் குறைந்த வகுப்பில் இன்னும் குறியாக இருக்கும் ஒரே பிள்ளை, மற்ற வகுப்புகளில் உள்ள அதே நிலைப் பிள்ளைகளைவிட அதிகமாக உடைந்துபோகிறது என்று சல்மிவல்லி, கிளேர் கரந்தோ போன்றவர்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. பலர் அடிபடும் இடத்தில் "இந்த வகுப்பு மோசம்" என்று நினைக்கலாம். தான் மட்டும் அடிபடும் இடத்தில் "என்கிட்டதான் ஏதோ கோளாறு" என்று தோன்றிவிடுகிறது.

சுருக்கமாக: காலம் சிலருக்கு உதவும், எல்லோருக்கும் உதவாது. புகார் நின்றதை வைத்து எதுவும் முடிவுசெய்ய முடியாது.

ஓயவைத்த மூன்று முயற்சிகள்

1982இன் இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிய வந்ததும் நாடே அதிர்ந்தது. 1983இல் அரசு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. பெர்கன் நகரில் 42 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,500 மாணவர்களை ஒல்வேயுஸ் பின்தொடர்ந்தார். வகுப்பில் எல்லோரும் அறிந்த தெளிவான விதிகள், இடைவேளையில் பெரியவர்களின் கண்காணிப்பு, வகுப்புக் கூட்டங்கள், சம்பந்தப்பட்ட பிள்ளைகளோடும் பெற்றோரோடும் நேரடிப் பேச்சு, இவைதான் முறை. மாணவர்களே சொன்ன கணக்கின்படி அங்கே புல்லியிங் ஏறத்தாழ பாதியானது.

பின்லாந்தில் சல்மிவல்லியின் குழு உருவாக்கிய கிவா திட்டம் நடுவில் இருப்பவர்களை நேரடியாகக் கையில் எடுத்தது. பொதுப் பாடங்களோடு, ஒரு சம்பவம் தெரியவந்ததும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தொடங்கியவரோடும் அடிபட்டவரோடும் தனித்தனியே பேசுகிறார்கள். அதோடு வகுப்பு ஆசிரியர், மற்றவர்கள் மதிக்கும் நல்ல மனமுள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளைத் தனியே அழைத்து, அடிபட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கக் கேட்கிறார். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசிப் படிதான். எங்கே ஓட்டை இருந்ததோ, துணை இல்லாத அந்த இடத்திலேயே போய் அடைக்கிறார்கள். கிவா சிறு வகுப்புகளில் நன்றாகவும், பதின்வயது வகுப்புகளில் அதைவிடக் குறைவாகவும் பலன் தந்தது. அந்தஸ்துப் போட்டி உச்சத்தில் இருக்கும் வயதில் பெரியவர் சொல் எடுபடுவது கடினம்.

அப்படியானால் பதின்வயதில் யார் சொல் எடுபடும்? அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எலிசபெத் பாலக்கும் இரண்டு ஆய்வாளர்களும் 56 நடுநிலைப் பள்ளிகளில், 24,000க்கும் அதிகமான மாணவர்களிடையே இதைச் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. முதலில் ஒவ்வொருவரிடமும் "நீ யாரோடு அதிகம் பழகுகிறாய்" என்று கேட்டு நட்பு வரைபடம் போட்டார்கள். பிறகு சோதனைப் பள்ளிகளில் இருபது முப்பது மாணவர்களைத் தேர்ந்து, தங்கள் பள்ளியின் சச்சரவுகளை எப்படிக் குறைக்கலாம் என்பதை அவர்களிடமே விட்டார்கள். போஸ்டர் ஒட்டினார்கள், நல்லது செய்த சக மாணவருக்கு ஆரஞ்சு நிறக் கைப்பட்டை கொடுத்தார்கள். சண்டை சச்சரவு தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைகள், திட்டம் இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. தேர்ந்தெடுத்தவர்களில் அதிகம் பேரோடு தொடர்புள்ள பிள்ளைகள் எவ்வளவு பேர் இருந்தார்களோ அவ்வளவு பலன் கூடியது. எல்லோரும் பார்க்கும் நாலு பேர் "இது நமக்குப் பிடிக்கல" என்று காட்டியதும், மற்றவர்களுக்கும் தங்கள் மனதில் இருந்ததை வெளியில் காட்டத் தைரியம் வந்தது.

பெரியவர்கள் செய்து கெடுப்பது

"உனக்கு யார்டா பேர் வச்சது? எழுந்து சொல்லு" என்று வகுப்பு நடுவில் கேட்பது முதல் தவறு. அடிபட்ட பிள்ளையை மறுபடி மேடையேற்றுகிறோம். "ரெண்டு பேரும் கை கொடுங்க, சமாதானம்" என்பது அடுத்தது. சமாதானம் சமமான இருவருக்குள் நடந்த சண்டைக்குப் பொருந்தும். இங்கே சமமே இல்லை. "நீ கண்டுக்காம விடு" என்பது சில நேரம் முதல் வாரத்தில் உதவலாம், வகுப்பே சேர்ந்த பிறகு உதவாது. "திருப்பி அடிச்சிட்டு வா" என்று அனுப்பினால், அடித்தவன் என்ற பெயரும் அவனுக்கே சேரும்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. ஆசிரியரே வகுப்பில் அந்தப் பட்டப்பெயரைச் சொல்வது, மார்க் பேப்பர் கொடுக்கும்போது "மக்கு" என்று சொல்லிச் சிரிக்க வைப்பது. நம் பள்ளிகளில் இது அரிதானதில்லை. ஒரு பிள்ளையைச் சீண்டலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டு வகுப்பில் வேறு எதுவும் கிடையாது. ஆசிரியர்களுக்கு அறுபது பிள்ளைகள், சிலபஸ், ஓயாத பதிவேட்டு வேலை என்று ஆயிரம் சுமை உண்டு. ஆனாலும் நாக்கைக் கட்டுவதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

சாதி உள்ளே வரும்போது

இதுவரை சொன்னது வகுப்புக்குள் உருவாகும் அந்தஸ்தைப் பற்றி. வெளியிலிருந்தே தயாராக வரும் அந்தஸ்து ஒன்று நம்மிடம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், சக மாணவர்கள் தொல்லை தருவதாகப் பள்ளியில் சொன்ன ப்ளஸ் டூ தலித் மாணவரை, இரவில் வீடு புகுந்து மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நியூ ஜெர்சியில் கையில் ஏறிய நிறம் நல்லது செய்தவரைக் காட்டியது. இங்கே கையில் ஏறும் நிறம் யார் யாருக்குப் பின்னால் நிற்பார்கள் என்பதைக் காட்டுகிறது.

இந்த வகைப் புல்லியிங் வரிசை படிந்ததும் தணியாது, ஏனென்றால் வரிசையை வகுப்பு போடவில்லை. செக்‌ஷன் மாற்றினாலும் பள்ளி மாற்றினாலும் கூடவே வரும். இங்கே நட்பு வட்டம், வகுப்புக் கூட்டம் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். புகார் சொன்ன பிள்ளைக்கு அன்றிரவு வீட்டில் பாதுகாப்பு இருக்கிறதா என்பது வரை பள்ளியும் காவல்துறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன செய்யலாம்?

"நீ எதிர்த்து நில்லு" என்று நம் பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம். ஆபத்து குறைந்த வழிகள் இருக்கின்றன. சிரிக்காமல் இருக்கலாம். ஸ்டிக்கரை ஃபார்வர்டு செய்யாமல் விடலாம். சீண்டல் நடக்கும்போது "டேய் வா, மேட்ச்சுக்கு நேரமாச்சு" என்று பேச்சைத் திருப்பி அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். மாலையில் தனியாக "இன்னிக்கு அவங்க பண்ணது சரியில்ல, நீ நல்லா இருக்கியா?" என்று ஒரு மெசேஜ் போடலாம். இன்னொரு நண்பனிடம் "எனக்கு அது பிடிக்கல, உனக்கு?" என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் "எனக்கும்தான்" என்று பதில் வரும். இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் ஆசிரியரிடம் போவதும் எளிது.

அடிபடுகிற பிள்ளையின் பெற்றோர் தேதி, இடம், நடந்தது, அங்கே இருந்தவர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பதும் ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேமிப்பதும் முக்கியம். பள்ளிக்குப் போகும்போது "என் பிள்ளையை மூணாவது பெஞ்ச் பையன் அடிச்சான்" என்பதோடு நிறுத்தாமல், "இவனுக்குத் துணையா உட்கார ரெண்டு பேரை நீங்க பார்த்து ஏற்பாடு பண்ண முடியுமா?" என்றும் கேளுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு ஆசிரியரும் பெற்றோரும் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டும். "இன்னும் தொல்லை பண்றாங்களா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் பெரும்பாலும் வரும். "இன்னிக்கு யாரோட சாப்பிட்ட?", "பி.டி. பீரியட்ல எந்த டீம்?" என்று கேட்டால் நிலைமை தெரியும். பள்ளி காது கொடுக்கவில்லை என்றால் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது.